சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிய வந்திருக்கிறது. அவரிடம் சொல்லாமல் மறைக்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் தங்கைக்கு வயது 47. தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறார். வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். வலது மார்பில் ஒரு கட்டி இருப்பதைச் சில மாதங்களுக்கு முன்பு குளிக்கும்போதே உணர்ந்திருக்கிறார். வலி இல்லை என்பதால், தானாகக் கரைந்துவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். சென்ற மாதம் என் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் மதுரைக்கு அழைத்துச் சென்றோம்.

பயாப்சி அறிக்கை சென்ற வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. கட்டியின் அளவு 2.8 செ.மீ.; அக்குளில் ஒரு நெறியிலும் (நிணநீர் முடிச்சு) நோய் தெரிகிறது; ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 என்பதற்கு நேரே "2+" என்று இருக்கிறது. முதலில் கீமோ, பிறகு அறுவை சிகிச்சை, அதன் பின் கதிர்வீச்சு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளா என்பது என் முதல் அச்சம்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. சித்தப்பா அவரிடம், "நீர்க்கட்டிதான், மருந்து ஏற்றினால் கரைந்துவிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறார். உண்மை தெரிந்தால் சித்தி உடைந்துபோவார் என்று அவர் நம்புகிறார். என் தங்கைக்கு, அதாவது சித்தியின் மகளுக்கு, வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இது. செய்தி வெளியே போனால் இடம் அமையாது என்ற கவலையும் அவருக்கு இருக்கிறது. இதற்கிடையில் பெரியப்பா ஒருவர், ஊசி குத்திச் சதை எடுத்ததே தவறு, இனிமேல்தான் பரவும் என்று சொல்லி, முள் சீத்தா இலையை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சென்னைக்கே அழைத்துச் சென்றுவிடலாமா என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. நான் கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஆறேழு நாட்கள் விடுப்பு எடுத்து உடனிருக்க முடியும். அந்த நாட்களில் நான் உண்மையில் பயன்படும்படி என்ன செய்யலாம்? இந்தப் பாதையில் நடந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மருதாணி எழுதியது:

அன்புச் சகோதரிக்கு. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு இதே நோய் வந்தது, இடது பக்கம். என்னிடமும் மறைத்தார்கள். பதினொரு நாட்கள் மறைத்தார்கள் என்பதை இன்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. திருமணமாகி இருபது ஆண்டுகளில் ஒரு முறைகூட கேஸ் சிலிண்டர் மாற்றியிராத என் கணவர், ஒரு நாள் காலையில் தானாகவே சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினார். அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் மறைக்கிறார் என்பதால் நானும் தெரியாததுபோல் நடித்தேன். அவர் மொட்டை மாடியில் அழுதார். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரே வீட்டில் இருவர் தனித்தனியாக அழுததைத் தவிர அந்தப் பதினொரு நாட்களில் வேறொன்றும் நடக்கவில்லை.

உங்கள் சித்திக்கும் பாதி தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரியாவிட்டாலும், கீமோ நடக்கும் இடத்தில் வாசல் பலகை முதல் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வரை எல்லாமே சொல்லிவிடும். நோயைப் பற்றி ஒரு அந்நியர் வாயிலாகத் தெரிந்துகொள்வதும், கையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டார் சொல்லக் கேட்பதும் ஒன்றல்ல. மேலும் அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்; மார்பை முழுவதுமாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக் கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான். நீர்க்கட்டி என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பீர்கள்?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "ரிப்போர்ட் வந்திருக்கிறது சித்தி, நாங்கள் நினைத்ததுபோல் சாதாரணக் கட்டி இல்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், அவ்வளவு சொல்கிறேன்" என்று தொடங்குங்கள். அதன் பிறகு பேசாமல் இருங்கள். மிகவும் கடினமான வேலை அதுதான். அவர் அழுதால் உடனே "அதெல்லாம் ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று வாயை அடைக்காதீர்கள். எனக்கு அந்தச் சொல் ஆறுதலாக இல்லை, இனி இதைப் பற்றிப் பேசாதே என்று சொல்வதுபோல்தான் கேட்டது. சித்தப்பாவுக்குத் துணிவு வரவில்லை என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரே சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறையில் வீட்டார் ஒருவராவது சித்தி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

முடியைப் பற்றி ஒன்று. அவருக்கு எழுதும் கீமோ முடி கொட்டச் செய்வதாக இருந்தால், முதல் மருந்து ஏற்றிய இரண்டு மூன்று வாரங்களில் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். தலையணையில் காலையில் பார்ப்பது தாங்காது. நான் கீமோ தொடங்குவதற்கு முன்பே சமயபுரத்துக்குப் போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டேன். ஊரில் கேட்டவர்களுக்கு வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அதைவிட, நோய் எடுத்துக்கொள்ளும் முன் நானே கொடுத்துவிட்டேன் என்ற ஒரு சிறு வீம்பும் இருந்தது. இது என் வழி. உங்கள் சித்திக்குத் தோள்வரை வெட்டிக்கொள்வது போதும் என்று தோன்றலாம், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் தோன்றலாம். முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களை மட்டும் நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து, "எங்கள் நாத்தனாருக்கும் இதேதான், பாவம், ஆறே மாதம்" என்று தொடங்குகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி மோர் கொடுத்து அனுப்ப ஒரு ஆள் வேண்டும். யாராவது தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆரம்பித்தால் அதையும் அன்றே தடுத்துவிடுங்கள். இது தொற்றுநோய் அல்ல. என் தட்டை என் மாமியார் தனியாகக் கழுவி வைத்ததை, நோய் போன பிறகும் என்னால் மறக்க முடியவில்லை.

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நான் புற்றுநோய்ப் பிரிவில் நீண்ட காலம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருதாணி எழுதியதற்கு மேல் சொல்வதைப் பற்றிச் சேர்க்க ஒன்றுமில்லை. அறிக்கையைப் பற்றியும் வீட்டுக் கவனிப்பைப் பற்றியும் எழுதுகிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

கீமோவை முதலில் கொடுப்பதற்கும் நோய் முற்றியதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கட்டியைச் சுருக்கிவிட்டால் மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வாய்ப்புக் கூடும். மருந்துக்கு நோய் எப்படிப் பணிகிறது என்பதும் கண்முன்னே தெரியும். ஆனால் கட்டி மருந்திலேயே கரைந்து மறைந்துவிட்டால் அறுவை மருத்துவருக்கு இடம் தெரியாமல் போகும் என்பதால், தொடங்குவதற்கு முன் கட்டிக்குள் ஒரு சிறிய உலோகக் கிளிப் வைப்பதுண்டு. அது தேவையா என்று கேளுங்கள்.

ஹெர்2 என்பது புற்றணுக்களை வேகமாக வளரச் செய்யும் ஒரு புரதம். "2+" என்றால் அது அதிகமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை உறுதிசெய்ய ஃபிஷ் என்ற பரிசோதனை இருக்கிறது. அதே பயாப்சித் திசுவில் செய்துவிடலாம், மறுபடியும் குத்த வேண்டியதில்லை. அது பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து சேரும்; வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஏறத்தாழ ஓராண்டு. 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகும் ஒத்த மருந்துகள் வந்துவிட்டதால் முன்புபோல் எட்டாக் கனி இல்லை. கீமோவின் வகையே இந்த முடிவால் மாறக்கூடும் என்பதால், ஃபிஷ் முடிவு வரும்வரை சில நாட்கள் பொறுப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் தள்ளுவதுதான் ஆபத்து. ஈஆர், பிஆர் பாசிட்டிவ், அதாவது நோய் பெண் ஹார்மோன்களைச் சார்ந்து வளர்கிறது என்பது நல்ல செய்தி. கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகும் ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ மாத்திரையாக ஒரு காவல் கிடைக்கும்.

ஊசி குத்தியதால் பரவும் என்பது எங்கள் வார்டில் நான் தினமும் கேட்ட பேச்சு, அதை நம்பாதீர்கள். பயாப்சி இல்லாமல் எந்த மருந்து வேலை செய்யும் என்று எவராலும் சொல்ல முடியாது. முள் சீத்தா இலையைக் கொண்டுவந்த பெரியப்பாவிடம் சண்டை போடாதீர்கள், அன்பினால் கொண்டுவந்தார். ஆனால் கஷாயமாகக் கொடுக்காதீர்கள். கீமோ நாட்களில் கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். சீந்தில் போன்ற மூலிகைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எதைக் கொடுப்பதானாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான செய்தி. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அதைப் பார்க்க சித்தப்பாவுக்கும் தங்கைக்கும் கற்றுக்கொடுங்கள். கீமோ ஏற்றி ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள்வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் மட்டுமல்ல, கீமோ நடக்கும் மாதங்கள் முழுவதுமே காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், நள்ளிரவானாலும், மழையானாலும், வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இப்படிக் காத்திருந்து விடியற்காலையில் இரத்த அழுத்தம் விழுந்த நிலையில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். போனவுடன் பணியில் இருப்பவரிடம் முதல் வாக்கியமாக, "கீமோ நோயாளி, மருந்து ஏற்றி ஒன்பதாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். இந்த மூன்று தகவலும் சேர்ந்து வந்தால்தான் வரிசையில் உட்கார வைக்காமல் உள்ளே எடுப்பார்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். முட்டை சூடு, மீன் ஆகாது, பால் கட்டியை வளர்க்கும் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, மூன்றாவது கீமோவுக்குள் நோயாளியைத் துரும்பாக்கிவிடுகிறார்கள். எடையும் இரத்தமும் குறைந்தால் அடுத்த தவணை தள்ளிப்போகும். நன்றாக வெந்த முட்டை, பருப்பு, மீன், சுண்டல் எல்லாம் கொடுக்கலாம். சூடாக, அப்போது சமைத்ததாக இருக்க வேண்டும். கடையில் பிழிந்த சாறும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம். நாக்கில் இரும்புச் சுவை ஏறும், தாளிக்கும் வாசனையே சிலருக்குக் குமட்டும். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றினால் அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும்; இரத்தம் என்று பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். ஏற்றிய இரண்டு நாட்கள் வாந்தி, சிறுநீரைச் சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

நம் பக்கத்தில் கதிர்வீச்சைக் "கரண்ட் வைப்பது" என்று சொல்வதால், மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று நடுங்குபவர்கள் உண்டு. எக்ஸ்ரே எடுப்பதுபோல் படுத்திருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவர் உடம்பிலிருந்து மற்றவருக்கு எதுவும் வராது. தோலில் வரையும் மைக்கோடுகளை மட்டும் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது.

உங்கள் தங்கையின் வரன் பற்றி: மார்பகப் புற்றுநோயில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரைதான் பரம்பரையாக வருவது. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் மார்பகத்திலோ சூலகத்திலோ (சினைப்பையிலோ) புற்று இருந்ததா என்று உங்கள் அம்மாவிடம் விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்; மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று அவர் சொல்வார். அது தங்கையின் உடல்நலத்துக்காகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. தரகரிடம் சொல்ல வேண்டிய செய்தி அல்ல.

பூவரசு எழுதியது:

உங்கள் சித்தப்பா இடத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முடிந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். என் மனைவிக்கு நோய் என்றதும் நான் செய்த முதல் காரியம் நகையை அடகு வைத்ததுதான். ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேனும் முதல் இரண்டு கீமோவும் கைக்காசில் முடிந்த பிறகுதான், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழியில்லை. திட்டத்தில் சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றை இந்த வாரமே தயார் செய்யுங்கள். விடுப்பில் வரும் உங்களுக்கு ஏற்ற வேலை அது.

சென்னை பற்றி: அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்தது, அவர் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அங்கே ஒரு முறை காட்டி இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. போகும்போது அறிக்கையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பயாப்சி செய்த ஆய்வகத்தில், எடுத்த சதை இருக்கும் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எங்களைப்போல் பாதி வழியில் திரும்ப வேண்டிவரும். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குப் போகிறவருக்கு 75 விழுக்காடும் உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். ஆனால் சிகிச்சையை மதுரையிலேயே வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கீமோ மாதக்கணக்கில் நடக்கும். கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரம். தொலைவு கூடினால் நடுவில் நிறுத்திவிடும் ஆசை வரும்.

இன்னொன்றை எழுதத் தயங்கினேன். அறுவை முடிந்து முதல் முறை கட்டுப் பிரித்த அன்று நான் அறையைவிட்டு வெளியே போய்விட்டேன். டீ குடிக்கப் போனதாகச் சொன்னேன். அவள் அதைக் கண்டுகொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அக்குளுக்குக் கீழே ஒரு குழாயும், அதன் முனையில் ஒரு சிறு குப்பியும் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையும் மாலையும் அதில் சேரும் நீரை அளந்து, ஒரு நோட்டில் எழுதி, நாளொன்றுக்கு 30 மி.லி.க்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பார்கள். அந்தக் குப்பியை அளக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாள் 110 என்று எழுதும்போது கை நடுங்கியது. நான்காவது நாள் அவளே, "இன்றைக்கு எவ்வளவு கணக்குப்பிள்ளை?" என்று கேட்டாள்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குப்பி பற்றிய பகுதியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் அவரும் சித்தியிடம் சொன்னோம். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கு நர்ஸ் பேசியது காதில் விழுந்தது, நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்" என்றார். அழுதார், நாங்களும் அழுதோம். அதன் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியதல்ல: பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு ஒன்பது ஜாக்கெட் துணி வாங்கி வைத்திருக்கிறாராம், தைக்கலாமா, கூடாதா என்று கேட்கிறார். ஃபிஷ் சோதனைக்குத் திசு போயிருக்கிறது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டோம். தையலைப் பற்றி இரவுப்பணி அம்மாதான் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

தாராளமாகத் தைக்கட்டும். கீமோ தொடங்கும் முன்பே அந்த ஒன்பதையும் முடித்துக் கொடுத்துவிட்டால் மனமும் இலேசாகும். கீமோ நாட்களில் மருந்து ஏற்றிய முதல் ஐந்தாறு நாட்கள் உடம்பு அசதியாக இருக்கும். அதன் பிறகு முடிந்த நாட்களில் உட்காரலாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் கைத்தையலும் கொக்கி கட்டுவதும் வேண்டாம், ஊசி குத்தினால் தொற்று ஏற்படலாம். அந்த வேலையைத் தங்கை செய்யட்டும். பாக்ளிடாக்ஸெல் என்ற மருந்து வரும் கட்டத்தில் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகலாம். தையல்காரருக்கு அது பிழைப்புச் சிக்கல் என்பதால், ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினாலோ பெடல் மிதிப்பது காலுக்குத் தெரியாமல் போனாலோ, அடுத்த தவணைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கும். அவர் தையல்காரர் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கும்படி கேளுங்கள். அறுவை வலது பக்கம் என்பதால் அதன் பிறகு கத்தரிக்கோல் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்றும் பயிற்சியை எப்போது தொடங்குவது என்று மருத்துவமனையில் கேட்டு, அன்றிலிருந்து நாள் தவறாமல் செய்யட்டும். நெறிகளை எடுத்த கை வீங்கினால், கனமாகத் தோன்றினால், வளையல் இறுகினால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.